தலை சுற்ற வைக்கும் போட்டியிலிருந்து வந்த கம்பைலர்

(கணினி மாணவர்களும் பொதுமக்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிரல் எழுதுகிறவர்களுக்காக நடக்கும் ஒரு போட்டியில், எழுதியதைப் பார்த்து நடுவருக்குத் தலை சுற்றினால்தான் பரிசு. சி மொழியில் எழுத வேண்டும்; ஒழுங்காக ஓட வேண்டும்; ஆனால் படிக்கிறவருக்கு ஒரு வரிகூடப் பிடிபடக் கூடாது. 1984-இல் லேண்டன் கர்ட் நோல், லாரி பாசெல் என்ற இரண்டு அமெரிக்க நிரலாளர்கள் இதைத் தொடங்கினார்கள். அப்போது அவர்களுக்கு வேலையே யூனிக்ஸ் இயங்குதளத்தின் நிரல்களில் பிழை பார்ப்பதுதான். யூனிக்ஸின் ஷெல்லை எழுதிய ஸ்டீவ் போர்னுக்கு ஆல்கால் மொழி மேல் ஒரு பிரியம். அதனால் சி மொழியையே ஆல்கால் போலத் தோன்றும்படி வேடம் கட்டி எழுதியிருந்தார். அதைப் படித்துப் படித்து நொந்துபோனவர்கள், வேண்டுமென்றே முயன்றால் இதைவிட மோசமாக யாரால் எழுத முடியும் என்று ஊரைக் கேட்டார்கள். அந்தப் போட்டிக்கு ஐஓசிசிசி என்று பெயர்.

முதல் ஆண்டே வேடிக்கை ஆரம்பமாகிவிட்டது. பெரிய பரிசைத் தட்டிச் சென்ற நிரலில் சி மொழி என்று சொல்ல அநேகமாக எதுவும் இல்லை. மெயின் என்ற செயற்கூறு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்களின் வரிசை இருந்தது. அந்த எண்கள் பிடிபி-11, வாக்ஸ் என்ற இரண்டு கணினிகளும் நேரடியாகப் புரிந்துகொள்ளும் இயந்திரக் கட்டளைகள். நடுவர்கள் பரிசைக் கொடுத்தார்கள்; பிறகு, ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தில் மட்டும் ஓடுகிற நிரல் கூடாதென்று விதியையும் போட்டார்கள். 1994-இல் இன்னொருவர், தன்னையே அச்சிட்டுக்கொள்ளும் நிரல்களில் உலகிலேயே சிறியது இதுதான் என்று ஒரு கோப்பை அனுப்பினார். திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. பூஜ்ஜியம் பைட். ஓட்டினால் எதையும் அச்சிடாது. அதாவது, தன்னை முழுவதுமாக அச்சிட்டுவிட்டது! அதற்கும் பரிசு கிடைத்தது. வெற்றுக் கோப்பு அனுப்பக் கூடாது என்ற விதியும் வந்தது.

வெட்டி வேலை என்று சிலருக்குத் தோன்றும். இன்றைய பேச்சு அந்த வெட்டி வேலையைப் பற்றித்தான். 2001-இல் இந்தப் போட்டிக்கு வந்த ஒரு சின்ன நிரலின் வாரிசு, இன்று ஒரு முழு இயங்குதளத்தை அடியிலிருந்து கட்டி எழுப்பும் சங்கிலியில் ஒரு கண்ணியாக நிற்கிறது. அதை எழுதியவர் ஃபப்ரீஸ் பெலார் என்ற பிரெஞ்சுக்காரர்.

மாணவர்கள் பலருக்கும் போட்டி என்றால் ஐசிபிசி என்ற கல்லூரி நிரல் போட்டிதான் நினைவுக்கு வரும். ஓர் அணியில் மூன்று பேர், அவர்களுக்கு ஒரே கணினி, ஐந்து மணி நேரம். பெலாரூஸின் கோமெல் நகரத்துச் சிறுவன் கெனாதி கரத்கேவிச், பள்ளி மாணவர்களுக்கான உலகத் தகவலியல் ஒலிம்பியாடில் 2006-இல் இறங்கியபோது அவனுக்கு வயது 11. அந்த உலகத்தின் வேகமும் துல்லியமும் பிரமிக்க வைப்பவை. ஆனால் அங்கே எழுதிய நிரலை மணி அடித்த பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. மனத்தைத் தீட்டுவது மட்டுமே அதன் வேலை. பெலார் ஆடியது வேறு ஆட்டம். மணி அடித்த பிறகும் அவர் எழுந்து போகவில்லை.

1972-இல் கிரெனோபிளில் பிறந்தவர் அவர். மோன்பெலியே நகரத்தில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த 1989-இல் அவரிடம் ஓர் ஆம்ஸ்ட்ராட் கணினி இருந்தது. அந்தக் காலத்து ஃபிளாப்பியில் சில நூறு கிலோபைட் ஏற்றினாலே இடம் தீர்ந்துவிடும். டாஸ் நிரல்களைச் சுருக்கி வைக்க அவர் எழுதிய கருவிதான் எல்இசட்எக்ஸ்இ. சுருக்கிய நிரலோடு, அதை விரிக்கும் சின்னஞ்சிறு துணுக்கையும் சேர்த்தே ஒட்டிவிடும். நிரலின் பெயரைத் தட்டினால் அது நினைவகத்துக்குள் தானே விரிந்து ஓடத் தொடங்கும். தன் தேவைக்காக எழுதியதை நண்பர்களிடம் கொடுத்தார். அது கைமாறி கைமாறி நாடு கடந்து போனது. பதினேழு வயதுப் பையன் எழுதியது என்று பயன்படுத்தியவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்!

பிறகு பாரிஸ் அருகே எகோல் பாலிடெக்னிக். அப்புறம் கணிதத்தின் பக்கம் ஒரு பாய்ச்சல். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் 'பை' என்ற எண்ணுக்கு முடிவே கிடையாது. முன்னால் உள்ள இலக்கங்கள் எதையும் கணக்கிடாமல், நடுவில் எங்கோ இருக்கும் ஓர் இரும இலக்கத்தை மட்டும் நேரடியாகப் பிடிக்க ஒரு சூத்திரத்தை 1995-இல் சைமன் ப்ளூஃப் கண்டுபிடித்தார். 1997-இல் பெலார் அதைவிட வேகமான சூத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்து, பையின் இரும வடிவில் லட்சம் கோடியாவது இலக்கத்தைத் தொட்டுக் காட்டினார். பார்த்தால் வெறும் விளையாட்டு. இந்தச் சூத்திரம் பன்னிரண்டு ஆண்டு கழித்து மறுபடியும் வேலைக்கு வரும்.

2000-இல் ஐஓசிசிசிக்குள் நுழைந்தார். அன்றைக்கு உலகுக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண், முந்தைய ஆண்டு ஜிம்ப்ஸ் என்ற தன்னார்வலர் குழு கண்டுபிடித்தது. 2-ஐ 69,72,593 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது. எழுதிப் பார்த்தால் 20,98,960 இலக்கம். பெலாரின் நிரல் சில நூறு எழுத்துகளில் முடிந்துவிட்டது. ஓட்டினால் அந்த எண் முழுவதையும் தசம வடிவில் அச்சிட்டது. இரும எண்ணைத் தசமமாக மாற்றுவதில்தான் சூட்சுமம். பள்ளிக்கூட முறையில் பெருக்கினால் பொழுது போய்விடும் என்பதால், ராட்சத எண்களை விரைவாகப் பெருக்கும் ஃபூரியர் உத்தியை அந்தச் சில நூறு எழுத்துகளுக்குள் திணித்திருந்தார்.

அடுத்த ஆண்டு வந்ததுதான் நம் கதாநாயகன். பெயர் ஓடிசிசி. சி மொழியில் எழுதிய சி கம்பைலர், அதாவது சி நிரலை இயந்திரக் கட்டளைகளாகத் தொகுத்துத் தரும் நிரல். தன்னையே தொகுக்கும் அளவுக்கு முழுமையானது. போட்டி விதித்த அளவு 2048 பைட். அரைப்புள்ளி, நெளி அடைப்பு, இடைவெளி ஆகியவை அந்தக் கணக்கில் சேராது. பெலார் முதலில் கம்பைலர் எழுதப் போதுமான அளவுக்கு மட்டும் சி மொழியைச் சுருக்கிக்கொண்டார். பிறகு இடம் மிஞ்சியபோதெல்லாம் மொழியைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்து, 2048-ஐத் தொட்டதும் நிறுத்தினார்.

இதன் உள்ளே ஓர் இடத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். எந்தக் கம்பைலருக்கும் முதலில் மொழியின் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். வழக்கமாக அதற்கு ஓர் அட்டவணை இருக்கும்: இந்தச் சொல்லுக்கு இந்த எண் என்று. பெலாரிடம் அட்டவணைக்கு இடம் ஏது? இன்ட், இஃப், எல்ஸ், வைல், பிரேக், ரிட்டர்ன், ஃபார், டிஃபைன், மெயின் என்ற சொற்களை இடைவெளி விட்டு ஒரே சரமாக எழுதினார். அவ்வளவுதான். ஒரு சொல் அந்தச் சரத்தில் எங்கே தொடங்குகிறதோ, அந்த இடத்தின் எண்தான் அந்தச் சொல்லுக்கு அடையாளம். ஆங்கில எழுத்துகளை எண்ணினால் இன்ட் பூஜ்ஜியத்தில் தொடங்கும், இஃப் நான்கில், எல்ஸ் ஏழில், வைல் பன்னிரண்டில். நிரலில் புதிதாக ஒரு மாறியின் பெயர் வந்தால், அதையும் இந்தச் சரத்தின் வாலிலேயே ஒட்டிவிடுவார். அதற்கும் இருப்பிடமே எண். தேடுவதற்குத் தனி நிரலும் வேண்டாம், ஒரு சரத்துக்குள் இன்னொரு சரத்தைத் தேடும் வசதி சி நூலகத்திலேயே இருக்கிறது. கூட்டல், கழித்தல், ஒப்பீடு போன்ற குறிகளுக்கான இயந்திரக் கட்டளைகளும் இப்படித்தான், கார்ட்டூன் பாத்திரம் கெட்ட வார்த்தை பேசியது போலத் தெரியும் ஒரு குறிச்சரத்துக்குள் சுருண்டு கிடக்கின்றன.

மூல நிரல் அலங்கோலமாகத் தெரிந்தாலும் யோசனை துப்புரவாக இருக்கிறது. அதனால்தான் போட்டி முடிந்ததும் பெலாரால் அதைப் பிரித்துத் திரும்ப எழுத முடிந்தது. விடுபட்ட மொழிக்கூறுகளைச் சேர்த்து, அசெம்பிளரையும் லிங்கரையும் உள்ளேயே வைத்து, டிசிசி என்ற பெயரில் எல்ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தோடு வெளியிட்டார். மற்ற கம்பைலர்களைப் போல வேகமாக ஓடும் கட்டளைகளை அது உருவாக்காது. ஆனால் தொகுக்கும் வேகத்தில், பரவலாகப் புழங்கும் ஜிசிசி என்ற கம்பைலரைப் பல மடங்கு முந்திவிடும். எவ்வளவு வேகம்? 2004-இல் டிசிசிபூட் என்று ஒன்றைச் செய்து காட்டினார். கணினியை இயக்கியதும் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலின் மூல நிரலைப் படித்து, அங்கேயே தொகுத்து, அதிலேயே பூட் ஆகும். பென்டியம் 4 கணினியில் பதினைந்து வினாடிக்குள் காரியம் முடிந்தது. கெர்னலை இரவெல்லாம் தொகுக்க விட்டுத் தூங்கப் போன தலைமுறைக்கு இது மாயாஜாலம்.

இதற்கிடையில் வேறு இரண்டு வேலைகள். 2000-இல் ஜெரார் லான்டோ என்ற புனைபெயரில் எஃப்எஃப்எம்பெக்கைத் தொடங்கினார். வீடியோவையும் ஒலியையும் ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றும் கருவி, அதற்கான நூலகம். விஎல்சி பிளேயருக்குள்ளும் குரோம் உலாவிக்குள்ளும் அதன் நூலகங்கள் இருக்கின்றன. 2021 பிப்ரவரியில் பெர்சிவியரன்ஸ் ஊர்தி செவ்வாயில் இறங்கியதைப் படம்பிடித்த கேமராக்களின் மென்பொருளிலும் அது இருந்தது. அதன் சின்னத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கோணல் மாணலாக ஓடும் ஒரு கோடு. அது வெறும் அலங்காரம் இல்லை. படத்தை எட்டுக்கு எட்டு கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கும்போது, மாற்றிய எண்களை இடமிருந்து வலமாகப் படிக்க மாட்டார்கள். மூலைவிட்டத்தில் மேலும் கீழுமாக வளைந்து வளைந்து படிப்பார்கள். முக்கியமான எண்கள் முன்னாலும் பூஜ்ஜியங்கள் கடைசியிலும் சேர்ந்துவிடும். சேர்ந்த பூஜ்ஜியங்களைச் சுருக்குவது சுலபம். அந்தப் பாதைதான் சின்னத்தில் இருக்கிறது.

இரண்டாவது, 2003-இல் வந்த கியூஎமு. ஒரு வகை புராசஸருக்காக எழுதிய நிரலை வேறு வகை புராசஸரில் ஓட வைப்பது. கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்துப் படித்து நடித்துக் காட்டினால் ஆமை வேகம். ஒரு கட்டளைத் தொகுதியை ஒரே முறை மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதையே ஓட்டினால் வேகம் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு புராசஸருக்கும் மொழிபெயர்ப்பாளர் எழுதுவது ஆண்டுக்கணக்கான வேலை. பெலார் ஒரு குறுக்கு வழி கண்டார். கட்டளைகளைச் சின்னச் சின்ன செயல்களாக உடைத்தார். ஒவ்வொரு சின்ன செயலையும் சி-யில் இரண்டு மூன்று வரியாக எழுதினார். ஜிசிசியைக் கொண்டு அவற்றைத் தொகுத்தார். கிடைத்த இயந்திரக் கட்டளைத் துண்டுகளை அப்படியே பிய்த்தெடுத்து, தேவைப்பட்ட வரிசையில் ஒன்றன் பின் ஒன்றாக நகலெடுத்து ஒட்டினார். மொழிபெயர்ப்பின் கடினமான பகுதியை ஜிசிசியின் தலையில் கட்டிவிட்டார் என்று சொல்லலாம். 2005-இல் யூசெனிக்ஸ் மாநாட்டுக் கட்டுரையில் இதை விளக்கினார். பின்னாளில் இந்த உத்தியைக் கைவிட்டு, டிசிஜி என்ற சிறிய கட்டளை உருவாக்கியை எழுதிச் சேர்த்ததும் அவரே. லினக்ஸில் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கேவிஎம், ஆண்ட்ராய்டு செயலி எழுதுகிறவர்கள் கணினியில் ஓட்டும் போலி போன் ஆகியவை கியூஎமுவைத் தழுவி வளர்ந்தவை.

நம் மண்ணுக்கு ஓர் உறவு இந்தக் கதையில் உண்டு. 2009 ஆகஸ்டில் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகச் சூப்பர் கம்ப்யூட்டரில் பையை 2,57,700 கோடி இலக்கம் வரை கணக்கிட்டிருந்தார்கள். அந்த ஆண்டின் கடைசி நாளில் பெலார் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஏறத்தாழ 2,70,000 கோடி இலக்கம். செய்தது ஒரேயொரு மேசைக் கணினி; விலை 3,000 யூரோவுக்கும் குறைவு; 6 ஜிபி நினைவகம், ஐந்து ஹார்ட் டிஸ்க். மொத்தம் 131 நாள் ஓடியது. அவர் எடுத்துக்கொண்டது சுட்னோவ்ஸ்கி சகோதரர்களின் சூத்திரம். அந்தச் சூத்திரம் 1914-இல் ராமானுஜன் வெளியிட்ட பை தொடர்களின் வழியில் வந்தது. கும்பகோணத்துக்காரரின் தொடரில் ஓர் உறுப்பைக் கூட்டினால் எட்டு இலக்கம் கூடும், சுட்னோவ்ஸ்கியில் பதினான்கு. 1985-இல் வில்லியம் காஸ்பர் ராமானுஜனின் தொடரையே நேரடியாகக் கணினியில் ஏற்றி 1.7 கோடி இலக்கம் வரை போயிருந்தார்.

விடை சரிதானா என்று எப்படித் தெரியும்? இங்கேதான் 1997-இன் விளையாட்டுச் சூத்திரம் திரும்ப வருகிறது. முன்னால் உள்ளவற்றைத் தொடாமல், கடைசிப் பகுதியின் இலக்கங்களை மட்டும் தனியாகக் கணக்கிட்டு ஒப்பிட்டார். ஒன்பது கணினிகள் 34 மணி நேரம் எடுத்துக்கொண்டன. பொருந்தியது. ஏழெட்டு மாதத்தில் அந்தச் சாதனையை வேறு இருவர் முறியடித்துவிட்டார்கள். பெலாருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அவருடைய ஆர்வம் இலக்கங்களில் இல்லை, அவ்வளவு பெரிய எண்களைக் கையாளும் வழிமுறைகளில்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இந்த மனிதரைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக இங்கே மேதை என்று கும்பிட்டு முடித்துவிடுவார்கள். மேதைதான், சந்தேகமில்லை. ஆனால் அவருடைய ஆர்வம் எங்கே நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும். முடியாது என்று தோன்றும் ஒன்றை முடியும் என்று காட்டுகிறார். நாலு பேர் பயன்படுத்தும் அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறார். அதன் பிறகு வேறு புதிருக்குப் போய்விடுகிறார். எஃப்எஃப்எம்பெக், டிசிசி, கியூஎமு மூன்றையும் அவர் அப்படித்தான் விட்டு நகர்ந்தார். அவற்றை அவர் பூட்டி வைத்திருந்தால் மூன்றும் அழகான அருங்காட்சியகப் பொருள்களாக நின்றிருக்கும். திறந்த உரிமம் இருந்ததால், தொடங்குகிற ஆர்வம் ஒருவருக்கும் பார்த்துக்கொள்கிற ஆர்வம் வேறொருவருக்கும் இருக்கலாம் என்றாகிவிட்டது.

எஃப்எஃப்எம்பெக்கை 2004 முதல் 2015 வரை முன்னின்று நடத்தியவர் மைக்கேல் நீடர்மையர். பதினோரு ஆண்டு. புதிது புதிதாக வரும் வீடியோ வடிவங்கள், சில நிறுவனங்கள் விவரம் வெளியிடாமல் வைத்திருந்த வடிவங்கள், உடைந்த கோப்புகள், பாதுகாப்புப் பிழைகள், மற்றவர்கள் அனுப்பும் திருத்தங்கள்; எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். சண்டையும் வந்தது. 2011-இல் ஒரு குழு பிரிந்து லிப்ஏவி என்ற பெயரில் தனிக்குடித்தனம் போனது. டெபியன் லினக்ஸ் கொஞ்ச காலம் அந்தப் பக்கம் போய்விட்டு 2015-இல் எஃப்எஃப்எம்பெக்கிடம் திரும்பி வந்தது. இந்த வேலைக்கு எந்தப் போட்டியிலும் பரிசு கிடையாது. 2048 பைட்டில் கம்பைலர் எழுதுவதற்கு இணையான சாதனையாகவே இதை மதிக்க வேண்டும் என்பது இந்தப் பேச்சாளரின் கட்சி.

பார்த்துக்கொள்கிறவர் களைத்துப்போனால் என்ன ஆகும் என்பதையும் உலகம் பார்த்துவிட்டது. லினக்ஸ் கணினிகளில் எங்கும் இருக்கும் எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளை ஏறக்குறைய ஒருவரே தாங்கிக்கொண்டிருந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் ஆண்டுக்கணக்கில் உதவி செய்து நம்பிக்கை பெற்று, கூட்டுப் பராமரிப்பாளர் ஆகி, 2024-இல் அதற்குள் ஒரு கள்ளக் கதவை வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட் என்ற நிரலாளர், தொலைவிலுள்ள கணினிக்குள் எஸ்எஸ்எச் வழியாக நுழைவதற்கு அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று நோண்டிப் பார்த்ததால் வெளிவந்தது. அரை வினாடியைக் கவனிக்கிற ஒருவர் இல்லாமல் போயிருந்தால்?

மூல நிரலைப் படித்துவிட்டால் மட்டும் கள்ளக் கதவு இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஐஓசிசிசி பிறந்த அதே 1984-இல் அச்சில் வந்த தன் டியூரிங் விருது உரையில், யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன் இதை எச்சரித்தார். கம்பைலருக்குள்ளேயே கள்ளத்தனத்தை ஒளித்து வைக்கலாம். அந்தக் கம்பைலரால் தொகுக்கப்படும் அடுத்த கம்பைலருக்குள்ளும் அது தானே புகுந்துகொள்ளும். மூல நிரலில் தடயமே இருக்காது. ஒரு கம்பைலரைத் தொகுக்க முந்தைய கம்பைலர் வேண்டும், அதற்கு அதற்கு முந்தையது. இந்தச் சங்கிலியின் அடியில் உள்ளதை எப்படி நம்புவது?

குனு கீக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்குகிறவர்கள் 2023-இல் இதற்கு ஒரு விடை காட்டினார்கள். அடியில் 357 பைட் கொண்ட ஒரு நிரல். மனிதர் ஒருவர் உட்கார்ந்து பைட் பைட்டாகச் சரிபார்த்துவிடலாம். அது அடுத்த சிறு கருவியை உருவாக்கும். அது அதற்கு அடுத்ததை. இப்படிப் படி ஏறி மெஸ் என்ற எளிய கம்பைலர் வரும். அங்கிருந்து ஜிசிசிக்கு நேராகத் தாவ முடியாது. இன்றைய ஜிசிசியைத் தொகுக்க சி++ கம்பைலரே வேண்டும். மெஸ்ஸுக்கு அவ்வளவு சக்தி இல்லை. நடுவில் ஓர் ஆள் தேவை. பலவீனமான கம்பைலராலும் தொகுக்க முடிகிற அளவுக்குச் சிறியதாகவும், பழைய ஜிசிசியைத் தொகுக்கும் அளவுக்குத் திறமையுள்ளதாகவும் அது இருக்க வேண்டும். அந்த இடத்தில் கொஞ்சம் திருத்திய டிசிசி உட்கார்ந்திருக்கிறது. 2048 பைட்டுக்குள் அடங்க வேண்டும் என்ற போட்டி விதியால் பிறந்த மென்பொருளுக்கு, அதன் சிறிய உருவமே இங்கே தகுதியாக அமைந்தது. இப்படி ஒரு வேலை வருமென்று 2001-இல் பெலார் நினைத்திருக்க நியாயமில்லை.

பெலார் டிசிசியில் வேலை செய்வதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. 0.9.27 பதிப்பு 2017 டிசம்பரில் வந்தது. ஆனால் வேலை நின்றுவிடவில்லை. அதன் மூல நிரல் களஞ்சியத்தில் 'மாப்' என்று ஒரு கிளை உண்டு. கும்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் அனுமதி கேட்காமல், கணக்குக்கூடத் திறக்காமல், யார் வேண்டுமானாலும் அதில் மாற்றம் செய்து ஏற்றலாம். எக்ஸ்இசட் விவகாரத்தைக் கேட்ட காதுக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் படும். ஏற்றியதை மற்றவர்கள் பார்க்கிறார்கள், பிடிக்காவிட்டால் திருப்பிவிடுகிறார்கள், அஞ்சல் குழுவில் வாதாடுகிறார்கள். புதிய புராசஸர்களுக்கான ஆதரவுகூட இந்தக் கும்பல் வழியாகத்தான் சேர்ந்திருக்கிறது. பெலாரோ 2018-இல் மறுபடியும் ஐஓசிசிசியில் கலந்துகொண்டு, படத்தைச் சுருக்கி மூல நிரலுக்குள்ளேயே வைத்து விரித்துக் காட்டும் ஒரு நிரலுக்காகப் பரிசு வாங்கினார்.